தட்டில் இரண்டு ரம்புட்டான்

இவருக்கு ஒரு கண்தான். கல்யாணம் பேசி வந்தபோதே அதைச் சொல்லிவிட்டார்கள், ஒளிக்கவில்லை. சின்ன வயதில் கிட்டி விளையாடும்போது புள் பறந்து வந்து இடது கண்ணில் அடித்து, அந்தக் கண் அன்றோடு போனது. வெளியிலிருந்து பார்த்தால் பெரிய வித்தியாசம் தெரியாது. கருமணி கொஞ்சம் மங்கல், அவ்வளவுதான். "ஒற்றைக் கண்ணால பார்த்துத்தானே என்னை ஓம் எண்டனீங்கள்?" என்று கல்யாணம் முடிந்த கையோடு ஒருநாள் வம்புக்குக் கேட்டேன். "ரெண்டாலயும் பார்த்திருந்தா ஓடித் தப்பியிருப்பன்" என்றார். அப்படிப்பட்ட பகிடிக்காரன். முகத்தைப் பார்த்தால் பால் குடிக்கத் தெரியாத பூனை மாதிரி இருப்பார்.

மிச்சமிருந்த அந்த வலது கண்ணை நம்பித்தான் எல்லாம் நடந்தது. கடல் தாண்டி வந்தது, பேக்கரியில் அவர் விடியப்புறம் மா பிசைந்தது, பிள்ளையைப் படிப்பித்தது, நகர ஓரத்துப் பியர்பொன்ட்ஸில் சுவரோடு சுவர் ஒட்டிய இந்த வீட்டை வாங்கியது, எல்லாமே அந்த ஒரு கண்ணின் உழைப்பு. போதாக்குறைக்கு மனிதருக்குச் சீனி வருத்தம். நாள் முழுக்க மற்றவர்களுக்கு இனிப்புப் பணியாரம் சுட்டுக் கொடுத்துவிட்டு, ஓரத்தில் உடைந்ததையெல்லாம் "வீணாப் போகுதே" என்று தன் வாயில் போட்டுக்கொள்வார். வாயைக் கட்டுங்கோ, வாயைக் கட்டுங்கோ என்று நான் தொண்டை கிழியக் கத்தியிருக்கிறேன். கேட்டால்தானே.

போன வருடம் பனி விழத் தொடங்கிய நாட்களில் ஒரு காலை, மேசையில் இருந்தபடி, "என்னப்பா, அடுப்பில என்னத்தைக் கருக்கிறீர்? வீடெல்லாம் ஒரே புகை" என்றார். நான் அடுப்பே மூட்டவில்லை. கையில் இருந்த தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டு அவர் முகத்துக்கு முன்னால் கையை ஆட்டினேன். "ஆட்டுறது தெரியுது. ஆரின்ர கை எண்டுதான் தெரியேல்லை" என்றார். அதையும் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நான் மகளுக்குப் போன் எடுத்தேன்.

கண்ணுக்குள் இரத்தம் கசிந்திருக்கிறதாம். சீனி செய்த வேலை. நகர நடுவில் இருக்கும் கண் ஆஸ்பத்திரிக்கு அந்தக் குளிர்காலம் முழுவதும் அலைந்தோம். கண்ணுக்குள் ஊசி போட்டார்கள். ஆம், கண்ணுக்குள்ளேதான். இரத்தம் தானாக வற்றுகிறதா என்று பார்ப்பது, வற்றாவிட்டால் வெட்டுவது என்று வைத்தியர் சொன்னார். வெட்டினால் பார்வை திரும்பி வருமா என்று மகள் பிரெஞ்சில் கேட்டாள். வைத்தியர் தோளை மெல்லத் தூக்கி இறக்கினார். அதற்கு எனக்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை.

போகும்போது பஸ், பிறகு மெற்றோ. திரும்பும்போது மகளின் கார். அவள் அங்கே பக்கத்தில் ஒரு காப்புறுதிக் கந்தோரில் வேலை செய்கிறாள், வேலை முடிந்துதான் வரமுடியும். ஆஸ்பத்திரி நேரத்தோடு முடிந்துவிடும். வெளியே காது அறுந்து விழும் குளிர். இவருக்குக் கண்மணியை விரிக்கிற மருந்து விட்டிருப்பார்கள், வெளிச்சம் கூசும். இந்த நிலையில் மனிதரை எங்கே கொண்டுபோய் வைத்திருப்பது? மகள்தான் யோசனை சொன்னாள். "அம்மா, மியூசியம் பக்கத்திலதானே. வருசம் முழுக்கப் போய்வர நான் காட் எடுத்துத் தாறன். சூடா இருக்கும், குந்தியிருக்க வாங்கு இருக்கும், வாஷ்ரூம் இருக்கும். ஒருத்தரும் எழும்பிப் போங்கோ எண்டு சொல்லமாட்டினம்." நான் அருங்காட்சியகத்துக்குப் போன காரணம் இதுதான். கலை ரசனை என்று ஒருவரும் நினைத்துவிட வேண்டாம்.

படிகளில் அவர் கையைப் பிடித்தேன். உதறிவிட்டார். "விடும். நான் என்ன குருடனோ?" என்றார். உதறிய கையோடு அடுத்த படியில் தடக்குப்பட்டார். மறுபடி பிடித்தேன், மறுபடி உதறினார். அந்தக் குளிர்காலம் முழுக்க எங்களுக்குள் நடந்த சண்டை இது ஒன்றுதான்.

மேல்மாடியில் ஒரு பெரிய அறை. கடும் சிவப்புச் சுவர், மங்கல் வெளிச்சம், நடுவில் அகலமான வாங்கு. வெளிச்சம் கண்ணைக் குத்தாத அறை அதுதான் என்று அங்கே உட்கார்த்தினேன். சுற்றிவரப் பழைய ஐரோப்பியத் தைல ஓவியங்கள், பொன் சட்டங்களுக்குள். சில நூறு வருடங்களுக்கு முந்திய முகங்கள். இவர் கழுத்தை நீட்டிச் சுற்றிவரப் பார்த்தார். பிறகு, "எனக்குச் சிவப்பும் கறுப்பும்தான் தெரியுது. நீர் பார்த்துச் சொல்லும், என்ன கிடக்கு?" என்றார்.

"ஆக்கள் கிடக்கினம்."

"எப்பிடிப்பட்ட ஆக்கள்?"

அப்படித்தான் தொடங்கியது. எனக்குப் படம் பார்க்கத் தெரியாது, ஆள் பார்க்கத் தெரியும். கோயில் வீதியில் நிற்கிற ஒருத்தியைப் பார்த்து, புருஷன் என்ன வேலை, மாமியோடு ஒத்துப்போகிறாளா என்று சொல்லிவிடுவேன். அதே வேலையை இங்கே செய்தேன். "இதில ஒரு வியாபாரி நிக்கிறார். நல்ல காசுக்காரன், ஆனா செலவழிக்கமாட்டான், வாயைப் பார்த்தாலே தெரியுது. கழுத்தில வெள்ளையா, சுருக்குச் சுருக்கா ஒண்டு கட்டியிருக்கிறார். இடியப்பத் தட்டை நடுவில வெட்டித் தலையைச் செருகின மாதிரி."

இவர் சிரித்த சிரிப்பில் காவல்காரர் எட்டிப் பார்த்தார்.

"பக்கத்தில பெண்சாதி. அவவுக்கும் ஒரு இடியப்பத் தட்டு. சாப்பிடேக்க என்ன செய்திருப்பினமோ தெரியாது."

அடுத்தது புராணக் கதை. ஒரு இளந்தாரி ஓடுகிறான், அவனுக்கு முன்னால் ஒரு பெட்டை ஓடுகிறாள், அவள் விரல் நுனியெல்லாம் இலையாகி, கால் வேராகி, மரமாகிக்கொண்டிருக்கிறாள். இவனும் விடாமல் கையை நீட்டுகிறான். "ரெண்டு பேருக்கும் உடுப்பெண்டு பெரிசா ஒண்டும் இல்லை" என்றேன். "அதையேன் முதல் சொல்லேல்லை?" என்றார். "கண் தெரியாத நேரத்திலயும் புத்தி எங்க போகுதெண்டு பாருங்கோவன்" என்று தொடையில் ஒன்று வைத்தேன்.

இன்னொன்றில் ஒரு தாடிக்காரக் கிழவர் மண்டையோட்டை மேசையில் வைத்துக்கொண்டு அதையே பார்த்தபடி இருக்கிறார். ஏதோ துறவியாம். அதைச் சொன்னபோது மட்டும் இவர் சிரிக்கவில்லை. "மனுசி செத்துப்போச்சாக்கும். வேற ஆரோட கதைக்கிறது?" என்றார். நான் அடுத்த படத்துக்குப் போய்விட்டேன்.

அந்தப் படங்களில் அரைவாசி இருட்டு. இருட்டுக்குள்ளிருந்து ஒரு கன்னம், ஒரு கை, ஒரு துணி மடிப்பு மட்டும் வெளியே வரும். இந்த வெளிச்சம் எனக்குப் பழக்கமானது. ஊரில் கரன்ட் இல்லாத வருடங்களில் ஜாம் போத்தலுக்குள் திரி போட்டு எரித்த விளக்கைச் சுற்றி நாங்களெல்லாம் இப்படித்தான் தெரிந்தோம். எண்ணெயைக் குழைத்து அந்த வெளிச்சத்தை ஒருவன் துணியில் பிடித்து வைத்திருக்கிறான் என்பது அன்றைக்கு எனக்குப் பெரிய ஆச்சரியமாக இருந்தது. கிட்டப் போய்ப் பார்த்தால், ஒவ்வொரு முகத்திலும் கருமணிக்குள் ஒரு சொட்டு வெள்ளை வைத்திருக்கிறார்கள். கடுகு அளவுகூட இல்லை. ஆள் உயிரோடு நிற்பது அந்தச் சொட்டால்தான்.

மூலையில் இருந்த படத்துக்கு முன்னால் போய் நின்றேன். ஒரு இளம் பெண். பச்சைச் சேலை மாதிரி ஒரு போர்வை, வடிவான அமைதியான முகம். கையில் ஒரு வெள்ளித் தட்டு. தட்டில் இரண்டு கண்கள். பிடுங்கி வைத்த முழுக் கண்கள், கருமணியும் அதற்குள் அந்த வெள்ளைச் சொட்டுமாக, என்னையே பார்த்தன.

"என்ன சத்தத்தைக் காணேல்லை? அந்த மூலையில என்ன?" என்று வாங்கிலிருந்து கேட்டார்.

கண்ணுக்குள் ஊசி குத்திவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிற மனிதருக்கு இதை எந்த வாயால் சொல்வது? "ஒரு பொம்பிளை நிக்கிறா" என்றேன். "கையில தட்டு."

"தட்டில என்ன?"

"பழம்."

"என்ன பழம்?"

வெள்ளையாக, உருண்டையாக, நடுவில் கறுப்பாக என்ன பழம் இருக்கிறது? கடவுளே. "ரம்புட்டான்" என்றேன். "உரிச்ச ரம்புட்டான். ரெண்டு."

"வெள்ளைக்காரருக்கு ரம்புட்டான் எங்கால?"

"ராசாக்கள் எங்கயிருந்தாவது எடுப்பிச்சிருப்பினம். உங்களுக்கு என்ன சோலி? பேசாம கண்ணை மூடிக்கொண்டு இருங்கோ."

அன்று எங்களை ஏற்ற வந்த மகளை ஒருதரம் மேலே கூட்டிப்போய், இவர் கீழே கோட் போட்டுக்கொண்டிருந்த நேரத்தில், அந்தப் படத்தைக் காட்டி இது யாரென்று கேட்டேன். அவள் பக்கத்தில் எழுதியிருந்ததை வாசித்துவிட்டுப் போனிலும் தேடினாள். "இவ ஒரு புனிதை அம்மா. சமயத்தை விடமாட்டன் எண்டதுக்குக் கண்ணைப் பிடுங்கினவையாம். கடவுள் வேற கண் குடுத்தவராம். அதுதான் முகத்திலயும் இருக்கு, தட்டிலயும் இருக்கு. கண் வருத்தக்காரர் இவவிட்டத்தான் கும்பிடுறவையாம்."

இத்தனை ஆஸ்பத்திரிப் பயணத்தில், இத்தனை அறை இருக்கிற கட்டடத்தில், வெளிச்சம் கூசாத ஒரு மூலையைத் தேடி நான் கொண்டுபோய் அவரை உட்கார்த்திய இடம் இவளுடைய சந்நிதியா? இது சும்மா நடக்கிற காரியமா?

எங்களுக்குச் சாமிகளில் பாகுபாடு கிடையாது. ஊரிலேயே வெள்ளிக்கிழமை அம்மன் கோயில், செவ்வாய்க்கிழமை தேவாலயத்தில் மெழுகுதிரி. இங்கேயும் மலையில் இருக்கும் பெரிய தேவாலயத்தின் படிகளில் கும்பிட்டுக்கொண்டு ஏறுகிறவர்களில் பாதிப் பேர் நெற்றியில் திருநீறு பூசிய எங்கள் ஆட்கள்தான். நானும் எல்லா இடத்திலும் ஒவ்வொரு வேண்டுதல் போட்டு வைத்திருந்தேன். ஆனாலும் கண்ணுக்கென்றே ஒருத்தி இருக்கும்போது அவளை விட்டுவிட்டு வேறு வாசலில் நிற்பது சரியில்லைத்தானே.

இரத்தம் வற்றவில்லை. வெட்டுவதற்கு நாள் வைத்தார்கள். அதற்கு முந்திய கடைசிப் பரிசோதனை நாளன்று, இவரை வாங்கில் வைத்துவிட்டு, நான் மூலைக்குப் போனேன். அறையில் வேறு யாருமில்லை. மெல்லிய குரலில் அவளோடு கதைத்தேன். "தாயே, முகத்தில ரெண்டு வைச்சிருக்கிறாய். தட்டில ரெண்டு வைச்சிருக்கிறாய். அந்த மனுசனுக்கு இருக்கிறதே ஒண்டு. அதை மட்டும் காப்பாத்தித் தா. வெள்ளியில கண்மடல் செய்து கொண்டுவந்து உன்ர காலடியில வைக்கிறன். இது சத்தியம்."

கண் நோய் தீர அம்மனுக்குக் கண்மடல் சாத்துவது எங்கள் வழக்கம். மெல்லிய வெள்ளித் தகட்டில் கண்ணை அடித்துச் செய்வார்கள். அதைத்தான் நேர்ந்தேன். நேர்ந்து முடிந்ததும் கோயிலில் செய்கிற மாதிரி, யோசிக்காமல், கையை நீட்டி அவள் காலடியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளப் போனேன்.

கீயென்று ஒரு சத்தம்! அறையே அதிர்ந்தது. விரல் சட்டத்தில்கூடப் படவில்லை, அதற்குள் காவல்காரர் ஓடி வந்துவிட்டார். "மதாம்! மதாம்! சில் வு ப்ளே!" தயவுசெய்து என்று அர்த்தம். நீட்டிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் கொண்டையைச் சரிசெய்தேன். பர்தோன், பர்தோன் என்று எனக்குத் தெரிந்த ஒரே மன்னிப்பை நாலைந்து தரம் சொன்னேன். அவர் தரையில் இருந்த கோட்டைக் காட்டி, இதற்கு அப்பால் போகக்கூடாது என்று பொறுமையாகச் சொன்னார். எந்தச் சந்நிதியிலும் ஒரு கோடு இருக்கத்தானே செய்யும், அதில் எனக்குக் கோபமில்லை.

"என்ன சத்தம் அது?" என்றார் இவர்.

"நெருப்பு மணி வேலை செய்யுதோ எண்டு பார்க்கினமாம்."

சத்திரசிகிச்சை முடிந்தது. கண்ணுக்குள் ஒரு காற்றுக் குமிழியை விட்டிருக்கிறார்கள், அது பின்பக்கத்தை அழுத்திப் பிடிக்கவேண்டும், அதனால் முகம் குப்புறத்தான் இருக்கவேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். சாப்பாடு குப்புற, நித்திரை குப்புற. மகள் முகம் வைக்க ஓட்டை உள்ள ஒரு கட்டிலை வாடகைக்கு எடுத்து வந்தாள். இவர் அதில் கிடந்தார். பேசினால் சத்தம் நிலத்தோடு போனது. ஒரு நாள் பொறுத்தேன். மறுநாள் கட்டிலுக்குக் கீழே பாயைப் போட்டு, தலையணையும் வைத்து, மல்லாந்து படுத்துக்கொண்டேன். மேலே பார்த்தால் ஓட்டைக்குள் இவருடைய முகம், ஒரு பக்கம் பஞ்சு ஒட்டியபடி, மூக்கு நுனி சிவந்து. கூரையில் வரைந்த தேவதூதன் மாதிரி இருக்கிறீங்கள் என்றேன். "தேவதூதனுக்கு மூக்குச் சளி ஒழுகுது, துடைச்சு விடும்" என்றார்.

துடைத்துவிட்டேன். கரண்டியால் கஞ்சி கொடுத்தேன். பிறகு படங்கள். எந்த வரிசையில் மாட்டியிருந்ததோ அதே வரிசையில் சொன்னேன். இடியப்பத் தட்டு வியாபாரி, மனைவி, மரமாகிற பெட்டை, மண்டையோட்டுக் கிழவர். இவர் இடையில் கேள்வி கேட்பார். அந்தப் பெட்டை முழுக்க மரமாகிவிட்டாளா? கிழவருக்குச் சாப்பாடு யார் கொடுக்கிறார்கள்? கடைசியில் எப்போதும் மூலைக்கு வருவார்.

"தட்டோட நிக்கிறாவே, அவ என்ன செய்யிறா?"

"நிக்கிறா."

"ரம்புட்டானை இன்னும் சாப்பிடேல்லையோ?"

"விருந்தாளிக்கு வைச்சிருக்கிறா."

"நல்ல பொம்பிளை" என்றார். நான் அழுதேன். மேலிருந்து பார்க்கிறவருக்கு ஒன்றும் தெரியாது என்ற துணிவில்தான் அழுதேன். என் கன்னத்தில் ஒரு சொட்டு மேலேயிருந்தும் விழுந்தது. அது மூக்குச் சளி என்றே வைத்துக்கொண்டேன்.

குமிழி கரைந்தது. பஞ்சை எடுத்தார்கள். இவ்வளவு கஷ்டத்துக்கும் பிறகு வந்த கரைச்சல் எதுவென்றால், இவருக்குப் பார்வை வந்ததா இல்லையா என்பதை இவரிடமிருந்தே அறிய முடியாமல் போனதுதான். எதைக் கேட்டாலும் "தெரியுது." இந்தச் சட்டை என்ன நிறம்? "தெரியுது." வாசலில் யார்? "தெரியுது, தெரியுது, ஆக்களைக் கரைச்சல்படுத்தாதையும்." மற்றவர்கள் கவலைப்படக்கூடாது என்பதற்காக வயிற்றுக்குத்தையே மறைக்கிற ஆள் இவர். தேத்தண்ணிக்குப் பால் விட்டபோது பாதி மேசையில் போனது. துடைத்துவிட்டுக் கை தவறியதாம் என்றார். ஆஸ்பத்திரியில் எழுத்து அட்டையை மளமளவென்று வாசித்தார். வைத்தியருக்குத் திருப்தி, எண்கள் சொன்னார், மகளும் நல்லது என்றாள். எனக்கு மட்டும் சந்தேகம் தீரவில்லை. குளிர்காலம் முழுக்க அதே சுவரில் தொங்கிய எழுத்துகள்தானே? கதவுக்கு வெளியே வரிசையில் இருந்தபோது, உள்ளே மற்றவர்கள் வாசிப்பதைக் கேட்டு இவர் வாய்க்குள் சொல்லிக்கொண்டிருந்ததை நான் பார்த்திருக்கிறேன். பேக்கரிக்குத் திரும்பப் போகப்போகிறேன் என்று வேறு நிற்கிறார். அங்கே ஆள் நுழையக்கூடிய அளவு பெரிய அடுப்பு. கண் தெரியாமல் அதற்கு முன்னால் நின்றால் என்ன ஆகும்?

அப்போதுதான் எனக்கு மூலையில் நிற்பவளின் நினைவு வந்தது. அந்தத் தட்டில் உண்மையில் என்ன இருக்கிறதென்று இவருக்கு நான் சொல்லவேயில்லை. மனப்பாடம் செய்ய வழியில்லை. ரம்புட்டான் என்று சொன்னாரென்றால் என் சொல்லை எனக்கே திருப்பித் தருகிறார், கண் போய்விட்டது. கண் என்று சொன்னால் கண் இருக்கிறது.

கண்மடலுக்கு நகைக்கடையில் சொல்லி வைத்திருந்தேன். இங்கே யாரும் கேட்பதில்லையாம், ரொறன்ரோவிலிருந்து எடுப்பித்துக் கொடுத்தார் கடைக்காரர். "எந்தக் கோயிலுக்கு அக்கா?" என்று கேட்டார். "டவுனில இருக்கிற கோயிலுக்கு" என்றேன். டவுனில் எந்தக் கோயில் என்று அவர் யோசித்து முடிப்பதற்குள் வெளியே வந்துவிட்டேன். வேண்டுதலை வேறு இடத்தில் மாற்றிக் கொடுக்க முடியாது. யாருக்கு நேர்ந்தோமோ அவர் வாசலிலேயே சேர்க்கவேண்டும்.

நல்ல வெயில் நாளாகப் பார்த்து, ஆஸ்பத்திரிச் சோலி எதுவும் இல்லாத, கண்ணுக்கு மருந்து விடாத நாளாகப் பார்த்து, "சும்மா ஒருக்கா மியூசியத்துக்குப் போவம், வாறீங்களோ?" என்று கேட்டேன். "வாறன், வாறன். எனக்கும் அந்த ஆக்களைப் பார்க்கவேணும் போல கிடக்கு" என்றார். கைப்பையில் கண்மடல், கசங்காமல் ஒரு கடதாசி உறைக்குள்.

மேல்மாடி அறைக்குள் நுழைந்ததும் நான் வாயைத் திறப்பதில்லை என்று முடிவு கட்டியிருந்தேன். இவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தார். "ஓம், இடியப்பத் தட்டுத்தான்" என்றார். "வாயைப் பார்த்தாலே கஞ்சன் எண்டு தெரியுது." அது நான் சொன்னது. "விரலெல்லாம் இலை." அதுவும் நான் சொன்னது. "பாவம் கிழவர், இன்னும் அந்த மண்டையோட்டோடதான் இருக்கிறார்." எல்லாம் என்னுடைய வசனங்கள். என் வாயிலிருந்து போனவை என் காதுக்கே திரும்பி வந்துகொண்டிருந்தன.

மூலைக்கு வந்தார். நின்றார். தலையைச் சரித்து வலது கண்ணால் பார்த்தார். தாயே, தாயே என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். எவ்வளவு நேரம் அப்படி நின்றாரோ தெரியாது, எனக்கு ஒரு யுகம் போனது.

"ரம்புட்டான் நல்லாத்தான் இருக்கு" என்றார்.

பின்னால் தடவி வாங்கைப் பிடித்து உட்கார்ந்தேன். முடிந்தது. இவ்வளவும் செய்தும் முடிந்தது. மகளுக்கு எப்படிச் சொல்வது, பேக்கரிக்குப் போகவேண்டாமென்று இவருக்கு எப்படிச் சொல்வது, இனிமேல் ஒவ்வொரு காலையும் இந்தப் பொய்யை இவர் சொல்ல நான் கேட்டுக்கொண்டிருப்பது எப்படி என்று எல்லாம் ஒன்றாக வந்து நெஞ்சில் இறங்கின.

"ஆனா ஒண்டு, இஞ்சாரும்" என்றார், படத்தை விட்டுத் திரும்பாமலே. "எந்த ஊரில ரம்புட்டான் ஆளைத் திரும்பிப் பார்க்கும்?"

எனக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் எழுந்து போய் அவர் முதுகில் இரண்டு கையாலும் அடித்தேன். "கோதாரி பிடிச்ச மனுசன்! கோதாரி பிடிச்ச மனுசன்! என்ர உயிர் போய் வந்திட்டுது!" சத்தம் போட்டு அழுதேன், அதே மூச்சில் சிரிக்கவும் செய்தேன். காவல்காரர் வாசலில் வந்து நின்றார். குளிர்காலத்தில் எனக்குத் தரைக் கோட்டைக் காட்டிய அதே மனிதர்தான். படத்தை அல்ல, புருஷனைத்தான் தொடுகிறேன் என்று கண்டதும் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார்.

"பயந்திட்டீரோ?" என்றார் இவர். "பொய் சொல்ல உமக்கு மட்டும்தான் தெரியுமோ?"

"ஊசி குத்திப்போட்டு வந்து இருக்கிற மனுசனுக்குத் தட்டில கண்ணைப் பிடுங்கி வைச்சிருக்கெண்டு சொல்லச் சொல்லுறீங்களோ?"

"நான் குறை சொல்லேல்லையே. நல்ல பழம் எண்டுதானே சொன்னனான்." பிறகு மறுபடி அவளைப் பார்த்தார். "கருமணிக்குள்ள ஒரு வெள்ளைச் சொட்டு வைச்சிருக்கிறாங்கள், பார்த்தனீரோ? தட்டில கிடக்கிறதுக்கும் வைச்சிருக்கிறாங்கள். அதுதான் இப்பிடிப் பார்க்குது." அதை நான் அவருக்குச் சொல்லவேயில்லை. அந்த நிமிடம்தான் எனக்கு முழு நிம்மதி வந்தது.

வாங்கில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். நேர்த்திக்கடனை, மணி அடித்ததை, நகைக்கடையை. இவர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். கோட்டுக்கு அப்பால் கொண்டுபோய் வைக்க முடியாது என்று இருவருக்கும் தெரியும். கீழே வாசலில், உள்ளே கிடப்பது வெளியே தெரிகிற மாதிரி ஒரு கண்ணாடி உண்டியல் இருக்கிறது. போகிறவர்கள் விரும்பியதைப் போடுவார்கள். அவளுடைய வீட்டு உண்டியல் என்றால் அவளுக்குப் போட்டது மாதிரித்தானே. உறையிலிருந்து எடுத்து, கண்ணில் ஒற்றி, துளைக்குள் விட்டேன். தாள்களின்மேல் போய் விழுந்து, இரண்டு வெள்ளிக் கண்களும் நிமிர்ந்து எங்களைப் பார்த்தபடி கிடந்தன. வரவேற்பு மேசையில் இருந்த பெண் எட்டிப் பார்த்து, ஒன்றும் விளங்காமல், "மெர்சி, மதாம்" என்று நன்றி சொன்னாள்.

இவர் குனிந்து கண்ணாடிக்குள் பார்த்துக்கொண்டிருந்தார். "ஏன் ரெண்டு? எனக்கு இருக்கிறது ஒண்டுதானே."

"சோடியாத்தான் விக்கிறாங்கள். மற்றது சும்மா."

"சும்மா இல்லை" என்றார். நிமிரவில்லை. "மற்றது உம்மட. இந்தக் குளிர் முழுக்க நான் அதாலதான் பார்த்தனான்."

வெளியே மகளின் கார் வந்து நின்று ஹோர்ன் அடித்தது. "வாங்கோ, பிள்ளை பார்த்துக்கொண்டு நிக்கிறாள்" என்று சொல்லிப் படிகளில் வழக்கம்போல அவர் கையைப் பிடித்தேன். பிடித்த பிறகுதான் இனிமேல் அது தேவையில்லை என்று எனக்கு உறைத்தது.

படிகள் அவருக்கு நன்றாகத் தெரிந்தன. கையை உதறவில்லை.